கொக்கி தாங்காத சுவர்

மன்னார்புரத்து வாடகை ஃபிளாட்டின் கூடத்தில், பால்கனிக் கண்ணாடிக் கதவை ஒட்டி ஸ்டூலில் ஏறி நின்று, இரண்டு கைகளாலும் திரைச்சீலையை உயர்த்திப் பிடித்திருக்கிறாள் ரிஃபானா. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பது வீட்டுக்காரர் போட்ட முதல் நிபந்தனை. அதனால் அவள் வாங்கி வந்து ஒட்டிய பிளாஸ்டிக் கொக்கிகள், சற்றுமுன் திரையின் கனம் தாங்காமல் பெயிண்ட்டோடு உரிந்து விழுந்துவிட்டன. அவள் முதுகுக்குப் பின்னால், பக்கவாதம் வந்து கிடக்கும் அத்தா ஜெகபர் சாதிக்கின் கைலியை அவிழ்த்து, உடம்பை அம்மா சுராயா ஈரத்துணியால் துடைத்துவிடுகிறாள். அவருடைய கட்டில் கூடத்தில் மட்டும்தான் கொள்கிறது. வாளியில் துணி பிழியும் சத்தமும் டெட்டால் வாடையும் வருகின்றன. எதிர் ஃபிளாட் பால்கனியில் யாரோ துணி உதறுகிறார்கள். காலை வெயிலில் அந்த நிழல் திரைமேல் அசைந்து, சட்டென்று அசையாமல் நிற்கிறது.

"ஆணிய... அடிச்சிரும்மா," என்கிறார் அத்தா, கோணிய வாயால்.

"அடிச்சா காலி பண்ணச் சொல்லிருவாருங்க. உங்களத் தூக்கிக்கிட்டு நாங்க எங்கங்க போறது?" என்கிறாள் அம்மா.

அத்தா அழுவது கேட்கிறது. அரியமங்கலம் பட்டறையில் சம்மட்டி பிடித்த மனிதர் அழுது அவள் கேட்டதே இல்லை. ரிஃபானாவுக்குத் தோள்பட்டை கடுக்கிறது, விரல்கள் மரத்துப்போகின்றன.

"இன்னும் கொஞ்சம்தாம்மா. திரும்பிராத," என்கிறாள் அம்மா.

திரும்பப் போவதில்லை என்றாலும், அவள் கண்களை இறுக மூடிக்கொள்கிறாள்.