வெள்ளி கலந்த கால்

"முடியாதும்மா. இந்தக் காலை என்னால தர முடியாது."

ஜஹானாரா உறுதியாகச் சொன்னதும் பவுனம்மாளுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. விசைப்படகில் கயிறு சுற்றி அவள் புருஷன் தேசப்பனுக்கு முழங்காலுக்குக் கீழே கால் போய்விட்டது. திருவொற்றியூரில் இருக்கும் இந்த ஆய்வுக்கூடத்தில்தான் அவனுக்குப் பிளாஸ்டிக் கால் தயாராகிறது.

"இன்னா மேடம், போன தபாவும் இதே கததான். தடைக்காலம் முடிஞ்சி போட்டுங்க கடல்ல எறங்கப் போவுது. கரையில நின்னு மீன் ஏலம் வுடவாச்சும் அவரு போவ வேணாமா? உனுக்கு இன்னா, ஈசியா சொல்லிட்ட!"

கதவைப் படாரென்று சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

நவ்ரீன் வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகிறது. அவளுக்கே மனசு கேட்கவில்லை. மேஜைமேல் இருந்த சாம்பல் நிறக் காலைத் தட்டிப் பார்த்தாள். கல் மாதிரி இருந்தது.

"மேடம், இதுல வெள்ளித்தூள் எதுக்கு?"

"கிருமி அண்டாது. வேர்வையில புண்ணு வராது. இன்னொண்ணும் பண்ணும். உருகின பிளாஸ்டிக் ஆறும்போது உள்ளே படிகம் படிகமா கட்டும். கண்ணுக்கே தெரியாத ஒவ்வொரு வெள்ளித் துகளும் ஒரு படிகத்தை ஆரம்பிச்சு வைக்கும். துகள் கூடக்கூட படிகம் சின்னதா, நெருக்கமா அமையும். பிளாஸ்டிக் விறைப்பாகும்."

"அட! அப்போ நல்லதுதானே?"

"பரவலா கலந்திருந்தா நல்லது. அளவு மீறினா துகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கட்டியாயிடும். விரிசல் அங்கேருந்துதான் கிளம்பும்."

"ஆனா, மெஷின் டெஸ்ட்ல பாஸ் ஆயிடுச்சே!"

"மெஷின் மீன் தண்ணியில வழுக்காது நவ்ரீன். ஐஸ் பெட்டியைத் தூக்கிட்டு நடக்காது."

நவ்ரீனுக்கு எரிச்சலாக வந்தது.

"இப்படிச் சந்தேகப்பட்டுக்கிட்டே இருந்தா, அந்த மனுஷன் எப்பத்தான் நடக்கறது? இது உடையும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஜஹானாரா குனிந்து, சல்வாரின் வலது பக்கத்தை முழங்கால்வரை உயர்த்தினாள்.

சாம்பல் நிறப் பிளாஸ்டிக். கணுக்காலுக்கு மேலே குறுக்காக விரிசல் ஓடியிருந்தது.

"இதே கலவைதான். இன்னைக்குக் காலையில காசிமேடு மீன் மார்க்கெட்ல போட்டு நடந்து பார்த்தேன், விழுந்துட்டேன். அலமாரியில என் பழைய கால் இருக்கு, எடுத்துக் குடும்மா. வெள்ளியைக் குறைச்சு இன்னொண்ணு செஞ்சு வெச்சிருக்கேன். நாளைக்கு அதைப் போட்டுட்டு மறுபடி மார்க்கெட்டுக்குப் போகணும்."