இன்னும் ஒருத்தர்

மற்றவர்கள் ஆபீஸில் ஆணி பிடுங்குவதாகச் சொல்லிக்கொள்வார்கள். அவன் நிஜமாகவே ஒயர் பிடுங்கிச் சம்பளம் வாங்கினான். நோயாளியின் விரலில் மாட்டி நாடித்துடிப்பு பார்க்கும் கிளிப், வேலை செய்துகொண்டிருக்கும்போதே அதைச் சோதனைக்காகக் கம்ப்யூட்டரிலிருந்து வெடுக்கென்று உருவுவான். அந்தக் கிளிப்பைக் கம்ப்யூட்டரோடு பேசவைக்கும் டிரைவர் புரோகிராமை எழுதியவள் பக்கத்து மேஜை அக்கா. ஆயிரம் தடவை உருவியும் அவள் எழுதியது ஒருநாளும் மண்ணைக் கவ்வியதில்லை. கருவி போய்விட்டாலும், அதைப் பிடித்துக்கொண்டிருக்கிற ஒவ்வொரு புரோகிராமும் விட்டு, பிடித்திருப்பவர்களின் எண்ணிக்கை பூஜ்யமாகும்வரை டிரைவர் அதன் பதிவை அழிக்காது.

அன்று, மாட்டியிருந்த நோயாளி இறந்தபின் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த பழைய கிளிப்பை உருவி மேஜையில் போட்டான். எண்ணிக்கை ஒன்றில் நின்றது. எல்லா புரோகிராமையும் மூடினான். அப்போதும் ஒன்றுதான்.

"அழிச்சிடவாக்கா? மேனேஜர் அஞ்சு மணிக்குள்ள கேட்டாரு."

"பிடிச்சிட்டிருக்கிறவங்க கையிலேர்ந்து பிடுங்கக் கூடாதுடா. மெஷினே படுத்துடும்."

"யாருமே பிடிக்கலையே!"

அக்கா மேஜையைக் காட்டினாள். ஸ்பிரிங் வைத்த கிளிப் வாய் மூடாமல், ஒரு விரல் பருமனுக்குத் திறந்தே கிடந்தது.

அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு அதன் எதிரில் உட்கார்ந்தாள். மேனேஜரின் போன் இரண்டு முறை அடித்து ஓய்ந்தது.

"அவசரமில்ல, மெதுவா," என்றாள். அவனைப் பார்த்துச் சொல்லவில்லை. இவள் எழுதியது எப்படிப் படுக்கும் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

ஐந்தே முக்காலுக்குத் திரையில் ஒன்று பூஜ்யமானது. கிளிப் மெல்ல, சத்தமே இல்லாமல், வாய் மூடியது.