பதின்மூன்றாவது கட்டம்

கல்யாணமானவர்களில் மாதத்துக்கு எத்தனை பேருக்குக் கரு தங்குகிறது என்று கணக்கெடுக்கும் அலுவலகத்தில், காலை வெயில் ஜன்னல் கம்பிகளை மேஜைமேல் கோடுகோடாகப் போட்டிருக்கிறது. சுவரில் ஒட்டிய வரைபடத்தில், இன்னும் கரு தங்காதவர்களைக் காட்டும் கோடு சரசரவென்று இறங்கி, அடியைத் தொடாமலே பன்னிரண்டாம் மாதத்தில் நின்றுவிடுகிறது. வந்தவள் பையிலிருந்து அட்டையை எடுத்து, மடங்கிய முனையை நகத்தால் நீவி, எழுத்தர் முன் வைக்கிறாள். மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு கட்டங்கள். எல்லாவற்றிலும் அவள் கையெழுத்தில் ‘இல்லை’. அவற்றின் கீழே அச்சில் இல்லாத பதின்மூன்றாவது கட்டம், அவளே ஸ்கேல் வைத்துப் பென்சிலால் போட்டது. அதிலும் ‘இல்லை’. வாசலில் அவள் கணவன் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நிற்கிறான். “பன்னெண்டு மாசத்தோட எங்க ஆராய்ச்சி முடிஞ்சுதும்மா,” என்கிறார் எழுத்தர், கண்ணாடியைத் துடைத்தபடி. “அப்போ என்னை எதுல சேப்பீங்க சார்? ஆகாதவங்கன்னா?” என்று கேட்கிறாள். “சேச்சே. இதுவரைக்கும் ஆகலைன்னுதான் எழுதுவோம்.” அவள் விரல் மேஜையில் விழுந்த ஒரு வெயில் கோட்டின்மேலேயே இருக்கிறது. “அந்த ‘இதுவரைக்கும்’ங்கறத மட்டும் கொஞ்சம் பெருசா எழுதிருங்க.” எழுத இடம் தேடி எழுத்தர் அட்டையைத் திருப்புகிறார். பின்பக்கம் முழுக்க, அதே பென்சிலில், பதினான்கிலிருந்து இருபத்துநான்கு வரை எண் போட்ட வெற்றுக் கட்டங்கள்.