முரண்டு பிடித்த முன்சக்கரம்

செவ்வந்தியின் நடைவண்டியில் பின்சக்கரங்கள் இரண்டும் ஜம்மென்று உருளும். முன்சக்கரம் மட்டும் எப்போதும் முரண்டு பிடிக்கும்.

"உன்னாலதாண்டா நமக்குக் கெட்ட பேரு. தள்ள முடியாம குழந்தை திணறுது பாரு," என்று பின்சக்கரங்கள் ஓயாமல் திட்டும். முன்சக்கரத்துக்கு அழுகையாக வரும். அது வேண்டுமென்றா செய்கிறது? அதன் அச்சு அப்படி இறுக்கமாக அமைந்துவிட்டது.

ஒருநாள் அப்பா அச்சில் தேங்காய் எண்ணெய் விட்டார். செவ்வந்தி வண்டியின் கைப்பிடிக் கட்டையைப் பிடித்து எழுந்து ஒரு தள்ளுதான் தள்ளினாள். வண்டி அவளை விட்டுவிட்டு ஓடியே போனது. குழந்தை குப்புற விழுந்து, உதடு கிழிந்து வீரிட்டது.

அதற்குப் பிறகு அவள் வண்டிப் பக்கமே வரவில்லை. முன்சக்கரம் தவித்துப்போனது. வாசலில் கிடந்த நாட்களில், காற்று கொண்டுவந்த மணலையெல்லாம் அச்சுக்குள் வாங்கி அடைத்துக்கொண்டது.

"நல்லா இறுக்கிக்கோடா," என்றன பின்சக்கரங்கள், மெதுவாக.

பயந்து பயந்து செவ்வந்தி மறுபடி கட்டையைத் தொட்டாள். அவள் ஓர் அடி வைத்தால் வண்டியும் ஓர் அடிதான் நகர்ந்தது. அப்படியே பழகி, ஒரு காலையில் கட்டையை விட்டுவிட்டு அம்மாவிடம் தனியாக நடந்துபோனாள்.

"அவ்வளவுதான், இனிமே நமக்குப் பரண்தான்," என்றது ஒரு பின்சக்கரம்.

ஆனால் செவ்வந்தி திரும்பி வந்தாள். வண்டிக்கு எதிரே குந்தி உட்கார்ந்து, இரண்டு கைகளையும் நீட்டி, அம்மா அவளைக் கூப்பிடும் அதே இழுவையில், "வா... வா..." என்றாள்.

முன்சக்கரம் அச்சிலிருந்த மணலையெல்லாம் உதிர்த்துவிட்டு, தத்தித் தத்தி அவளிடம் போனது.