தளபதி ஷாவின் சபதம்

"ஜெயிச்சா குதிரையில வருவேன். தோத்தா இதுல வருவேன்" என்று சவப்பெட்டியைத் தட்டிக் காட்டிவிட்டு எங்கள் தளபதி ஷாவ் போருக்குக் கிளம்பினார். விதைக் கோதுமையைக்கூட வரியென்று பிடுங்கிய அந்த மனிதருக்காக சீனாவின் ஹெனான் மாகாணத்தில் எங்கள் ஊரே அழுதது.

தோற்றோம். முன்வரிசையில் விழுந்த என் தம்பியை நாய்களுக்கு விட்டுவிட்டு, தளபதியின் பெட்டியை நாங்கள் நாலு பேர், தலையில் வெள்ளைத் துணி கட்டி, ஊருக்குச் சுமந்தோம்.

ஆற்றுப் பாலத்தில் எதிரித் தளபதி குங் மறித்தார்.

"உள்ள யாருடா?"

"எங்க தளபதிங்க. சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டாரு."

குங் பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து தொப்பியைக் கழற்றினார்.

"போன வருஷம் என்கூட சேவல் ரத்தம் குடிச்சு, அண்ணன் தம்பின்னு சத்தியம் பண்ணவன். அவனை அடக்கம் பண்ண எனக்கில்லாத உரிமையா? இங்கேயே குழி வெட்டுங்க. முழு மரியாதையோட நடக்கணும்."

மேளம் முழங்க, பெட்டி குழிக்குள் இறங்கியது. முதல் மண் விழுந்ததும் உள்ளேயிருந்து படபடவென்று தட்டும் சத்தம் கேட்டது.

குங் என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன்.

"மேளத்தை இன்னும் பலமா அடிங்கடா" என்றார்.

மேளக்காரன் அடிப்பதை நிறுத்திவிட்டான். குச்சியை நான் வாங்கிக்கொண்டேன்.