நடுவர் வழியாகப் பேசவும்

ஆர்லோ பென்ஸ்லி இருபது நிமிடம் தாமதமாக, அதுவும் முழங்கால் வரை சேறோடு வந்து நின்றது எங்கள் ஊருக்குப் பெரிய வேடிக்கையாகப் போயிற்று. பதினெட்டு வருடமாக ஊர்க்கூட்டத்துக்கு அவர்தான் நடுவர். அவர் சுத்தியல் தட்டினால் மணி ஒன்பது என்று கடிகாரத்தைத் திருத்திக்கொள்கிறவர்கள் நாங்கள்.

"யாரும் அவரைக் குத்தம் சொல்லாதீங்க," என்றார் தீவனக் கடை கிளேட்டன். "காலைல அவர் வீட்டு ஏத்தத்துல ஒரு அரசாங்கக் கார் சேத்துல மாட்டிக்கிச்சு. டிராக்டர்ல கட்டி இழுத்துக்கிட்டு இருந்தாரு, நானே பார்த்தேன்."

"வரி வசூல் பண்ண வந்தவனா இருந்தா அப்படியே விட்டிருக்கணும்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். கூட்டம் நடக்கிற பள்ளிக்கூட விளையாட்டுக் கூடமே சிரித்தது. ஆர்லோ சிரிக்காமல் சுத்தியலைத் தட்டினார்.

மார்ச் மாதத்து முதல் செவ்வாய். வெர்மான்ட் மலையில் பனி உருகி, மண் சாலையெல்லாம் களியாகிக் கிடக்கிற சமயம். சாலைக்குச் சரளை, தீயணைப்பு வண்டிக்கு டயர் எல்லாம் சட்டென்று முடிந்தது. பதினோராவது தீர்மானம் வந்தபோதுதான் ஆட்கள் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார்கள்.

கடலுக்கு அப்பால் நடக்கிற போரில், தேசியக் காவல்படையில் எங்கள் ஊர்ப் பையன்கள் நாலு பேர். அவர்களைத் திருப்பி அழைக்கச் சொல்லி ஆளுநருக்கு எழுதலாமா, கூடாதா என்பதுதான் தீர்மானம். நாலு பேரில் ஒருவன் கிளேட்டனின் மகன். இன்னொருவன் ஆர்லோவின் மகன் டோபி.

எங்கள் கூட்டத்தில் யாரும் யாரோடும் நேருக்கு நேர் பேசக் கூடாது. எதையும் நடுவரிடம்தான் சொல்ல வேண்டும். மரியாதை கெடாமல் இருக்க அந்தக் காலத்திலேயே வைத்த விதி. அந்த விதிக்குள் நின்றுகொண்டே மரியாதை இல்லாமல் பேச நாங்கள் நன்றாகப் பழகியிருந்தோம்.

"நடுவரே," என்று எழுந்தார் தெல்மா. ஜனநாயகக் கட்சிக்காரர், நூலகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். "அந்த நாடு மேப்ல எங்க இருக்குன்னு கிளேட்டனைக் காட்டச் சொல்லுங்க. அதுகூடத் தெரியாம பெத்த பிள்ளையை அனுப்பிட்டு, கடை வாசல்ல கொடியைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்காரு."

கிளேட்டன் குடியரசுக் கட்சி. அவரும் நடுவரைத்தான் பார்த்தார். "அந்தம்மா கட்சி ஆட்சியில குண்டு போட்டப்ப, அவங்க எந்தப் புத்தகத்துக்குள்ள தலையை விட்டுக்கிட்டு இருந்தாங்கன்னு கேளுங்க நடுவரே. இன்னிக்கு நாம பின்வாங்கினா, நாளைக்கு எந்த நாடு நம்மள நம்பும்?"

"நம்பிக்கைக்கு எத்தனை பையனைக் குடுக்கணுமாம்? கேட்டுச் சொல்லுங்க நடுவரே."

"கோழைங்களுக்கெல்லாம் கணக்குச் சொல்ல முடியாதுன்னு சொல்லுங்க. என் பையன் பாதியில ஓடி வர்ற ரகம் இல்ல. வந்தா எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு வருவான்?"

ஒரு மணி நேரம் இப்படியே போனது. இரண்டு பக்கத்து வசவும் ஆர்லோ முகத்தில்தான் போய் விழுந்தது. அவர் கடிகாரத்தைப் பார்த்து, "ரெண்டு நிமிஷம் முடிஞ்சுது, அடுத்தவங்க," என்பதைத் தவிர வாயைத் திறக்கவில்லை.

கடைசியில் கிளேட்டன் அவர் மேலேயே பாய்ந்தார். "நடுவரே, சொந்த லாபம் இருக்கிற விஷயத்துல நடுவர் எறங்கிடணும்னு விதி இருக்கு. உங்க பையனும் அங்கதான் இருக்கான். எறங்குங்க."

"எனக்கு இதுல லாபமும் இல்ல, நஷ்டமும் இல்ல," என்றார் ஆர்லோ. "உட்காருங்க."

தெல்மா தலையில் அடித்துக்கொண்டார். பெற்ற தகப்பன் பேசுகிற பேச்சா இது என்று எனக்கே ஆத்திரமாக வந்தது.

எழுந்து நிற்கச் சொல்லி எண்ணினார்கள். அழைக்க வேண்டும் என்று எழுபத்தொரு பேர். வேண்டாம் என்று எழுபத்தொரு பேர். சந்தேகப்பட்டு இன்னொரு முறை எண்ணியும் அதேதான் வந்தது.

நடுவருக்கு ஓட்டு கிடையாது. சமமாக வந்தால் மட்டும் ஒன்று உண்டு. பதினெட்டு வருடத்தில் ஆர்லோ அதைப் போட்டதே இல்லை. அவர் எந்தக் கட்சி என்று அவர் மனைவிக்காவது தெரியுமா என்பது சந்தேகம்.

அவர் எண்ணிக்கை எழுதிய தாளை மடித்து மேசையில் வைத்தார். பிறகு, "திருப்பி அழைக்கணும்," என்று சொல்லிச் சுத்தியலைத் தட்டினார்.

கிளேட்டன் விதியைக் காற்றில் பறக்கவிட்டார். நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு மேடைக்கே போய்விட்டார்.

"லாபம் இல்லன்னு சொன்னியே ஆர்லோ, வெக்கமா இல்ல உனக்கு? உன் ஒருத்தன் பத்திரமா வீடு வந்து சேரணும்னு நாலு பேரையும் தலைகுனிய வச்சுட்ட. உன் பையனுக்காக ஊர் மானத்தையே வித்து ஓட்டுப் போட்டுக்கிட்ட."

ஆர்லோ சுத்தியலைக் கீழே வைத்தார். அவரும் விதியை மீறி, முதல் முறையாக ஒரு ஊர்க்காரனை நேருக்கு நேர் பார்த்துப் பேசினார்.

"டோபி ஞாயித்துக்கிழமை பெட்டியில வர்றான்னு காலைல அந்தக் கார்ல வந்தவங்க சொல்லிட்டுப் போனாங்க, கிளேட்டன். நான் ஓட்டுப் போட்டது உன் பையனுக்காக."