தடுக்காத கை

அடி விழுந்துவிட்டது. கத்தல் வரவில்லை.

திரையில் ஓடிய ஜப்பானிய அனிமே கார்ட்டூனில், ஹிசானோ என்ற பெண்ணின் முஷ்டி ஷூகோவின் இடது விலாவில் இறங்கியிருந்தது. அடிக்கும்போது ஹிசானோ போடும் கத்தலுக்குத் தமிழில் குரல் கொடுக்க வேண்டியவள், மைக்கின் முன்னால் வாயைத் திறந்தபடி நின்றாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஷெரீஃப் நிமிர்ந்து பார்த்தான். ஒலிப்பதிவு அவன் பொறுப்பு.

இன்னொரு முறை என்று விரலைக் காட்டினாள்.

காட்சி பின்னால் ஓடி, மறுபடி தொடங்கியது.

ஹெட்போனில் ஷூகோவின் மூச்சு. காலையிலேயே பதிவாகிவிட்ட மூச்சு.

திவாகரின் மூச்சு.

அவள் கணவன் திவாகர் பத்து மணிக்கு வந்து ஷூகோவுக்குப் பேசிவிட்டுப் போயிருந்தான். அவளுக்கு இரண்டு மணி. டப்பிங்கில் எல்லோருக்கும் அப்படித்தான், ஆளுக்கொரு நேரம். திரையில் கட்டிப் புரண்டு சண்டை போடுகிறவர்கள் இங்கே ஒருவரையொருவர் பார்ப்பதே இல்லை.

முன்பெல்லாம் இருவரும் ஒரே பைக்கில் வருவார்கள். ஒருவர் பேசி முடிக்கும்வரை இன்னொருவர் கீழே டீக்கடையில் நிற்பார்.

இப்போது பதினெட்டு நாட்களாக அவள் போரூரில், அக்கா வீட்டில் இருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்து என் துணிகளை எடுத்துக்கொள்ளட்டுமா என்று நேற்று திவாகருக்கு மெசேஜ் அனுப்பினாள். சரி என்று பதில் வந்தது.

அவ்வளவுதான்.

எல்லாச் சண்டையிலும் அவன் அப்படித்தான். அவள் பேசுவாள். அவள் நெற்றிக்கு நேரே வரும் வாயைத் திறக்காமல் அவன் நிற்பான். கடைசி நாளில் சொல்லக் கூடாத ஒன்றையும் சொல்லிவிட்டாள். அதற்கும் நின்றான். பதிலுக்கு ஒரு வார்த்தை கத்தியிருந்தால் அவள் வீட்டைவிட்டு வந்திருக்கமாட்டாள்.

எதுவுமே உறைக்காத மனிதனோடு எப்படிக் குடும்பம் நடத்துவது என்று அக்காவிடம் கேட்டிருந்தாள்.

திரையில் ஷூகோ சுழன்று உதைத்தான். ஹிசானோ குனிந்தாள். அவனுடைய இடது கை மெல்லக் கீழே இறங்கியது.

இந்த முறையும் அவளுக்குக் கத்தல் வரவில்லை.

"அவன் ஏன் கையை இறக்குறான்?"

ஷெரீஃப் இந்தக் கதைக்கு மூலமான வீடியோ கேமைப் பள்ளி நாட்களிலிருந்து ஆடுகிறவன். ஆர்வமாகச் சொன்னான். கேமில் உதைத்து முடித்ததும் ஷூகோவின் இடது கை ஒரு நொடி இறங்கிவிடும். யாரோடு மோதினாலும் இறங்கும். உருவாக்கியவர்கள் விட்ட பிழை அது. ஆடுகிறவர்கள் எல்லோரும் அந்த ஒரு நொடிக்காகக் காத்திருந்து அடிப்பார்கள். இப்போது அனிமேவாக எடுக்கும்போது அதை மாற்றிவிட்டார்கள். வேறு யார் முன்னாலும் கை இறங்காது. ஹிசானோ முன்னால் மட்டும் இறங்கும்.

என்ன காரணம் என்று கேட்டாள்.

அடுத்த எபிசோடு இன்னும் வரவில்லை என்றான்.

அவள் மறுபடி திரையைப் பார்த்தாள். அப்போதுதான் கவனித்தாள். அடி விழும் இடத்தில் ஷூகோவின் வாய் அகலமாகத் திறந்திருந்தது. ஹெட்போனில் சத்தமே இல்லை. மூச்சு மட்டும் சட்டென்று நின்றது.

ஜப்பானிய ஒலியைப் போடச் சொன்னாள்.

அதில் ஷூகோ அலறினான்.

வாய் திறந்திருக்கும் இடத்தைச் சும்மா விடுவது நேற்று வந்தவர்கள் செய்கிற தவறு. திவாகர் பன்னிரண்டு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறான். திரையில் உதடு அசைந்தால் ஒரு முனகலாவது வைத்துவிடுவான்.

ஆறு டேக் எடுத்ததாக ஷெரீஃப் சொன்னான். ஆறிலும் அப்படியே நின்றாராம். இதை யாரும் ஏற்கமாட்டார்கள் என்பதால், அந்த ஒரு அலறலைச் சரிசெய்ய நான்கு மணிக்கு மறுபடி வரச் சொல்லியிருக்கிறான். அதற்குள் நீங்கள் கிளம்பிவிடலாம் என்று, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

ஏன் கத்தவில்லை என்று அவனிடம் கேட்டாயா என்றாள்.

"கேட்டேங்க்கா. 'அடிக்கிறது அவளா இருந்தா அவன் கத்தமாட்டான்டா'ன்னாரு. 'படத்துலயே கத்துறானே அண்ணே'ன்னேன். சும்மா சிரிச்சாரு."

அவள் ஹெட்போனை இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு அந்த இடத்தை மட்டும் கேட்டாள். மறுபடி கேட்டாள்.

திவாகர் ஷூகோவைப் பற்றித்தான் சொன்னானா?

நடித்தானா? நடிக்க முடியாமல் நின்றானா?

பதினொரு வருடக் கல்யாண வாழ்வில் கேட்ட மௌனம்தான். இவ்வளவு பக்கத்தில் கேட்டதில்லை. முடிவில் எச்சில் விழுங்கும் ஒலி ஒன்று இருந்தது. அது எப்போதும் இருந்ததா என்று அவளுக்கு நினைவில்லை.

நான்காவது டேக்கில் கத்தல் எப்படியோ வந்தது.

அடுத்து ஒரே ஒரு வசனம். அடித்த பிறகு ஹிசானோ கேட்பது. காகிதத்தில் பக்கத்திலேயே 'கோபமாக' என்று எழுதியிருந்தது.

"ஏன் தடுக்கல?"

ஷெரீஃப் தலையசைத்தான். கோபம் வேண்டும், இது நிஜமாகவே தெரியாமல் கேட்பதுபோல் இருக்கிறது என்றான்.

இன்னும் இரண்டு முறை சொன்னாள். அப்படியேதான் வந்தது.

பரவாயில்லை, இதுவும் நன்றாகத்தான் இருக்கிறது என்று சேமித்துக்கொண்டான். எபிசோடு அந்தக் கேள்வியோடு முடிந்துபோனது.

மணி மூன்றே கால். திவாகர் வர இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது.

ஹெட்போனைக் கழற்றினாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவுவரை போனாள்.

கதவோரம் இன்னொரு மைக் ஸ்டாண்டு மடித்துச் சாத்தியிருந்தது.

பையைக் கீழே வைத்தாள்.

அதைத் தூக்கி வந்து, தன் மைக்குக்கு எதிரே விரித்தாள். ஷெரீஃப் என்னவோ கேட்டான். என்ன செய்கிறோம் என்று அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை.

கம்பியை மேலே இழுத்தாள். தன் வாய் உயரத்தைத் தாண்டியும் இழுத்தாள்.

தன் நெற்றிக்கு நேராக வந்ததும் திருகை இறுக்கினாள்.